கேட்காமல் அடிக்கிற கம்பி

முதல் அடி வாங்கியவன் நான். வலது மணிக்கட்டில், எலும்பு மேலேயே, சுளீரென்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கெட்ட வார்த்தை வாய்க்கு வருவதற்குள் இரண்டாவது அடியும் விழுந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆடி மாசம், கோவிந்தப்பாவின் கதவுக் கீல் ஷெட்டில், ஐந்தாம் நம்பர் பிரஸ் முன்னால்.

அடித்தது ஆள் இல்லை. ஒரு முழ நீள இரும்புக் கம்பி. பிரஸ்ஸின் தலை கீழே இறங்கும்போது கூடவே இழுபட்டு, இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் அச்சுக்கு முன்னால் துடைப்பம் போலப் பெருக்கிக்கொண்டு போகும். வழியில் கை இருந்தால் கையையும் சேர்த்துப் பெருக்கும். செய்தவன் அச்சுகளைப் பொருத்துகிற டை ஃபிட்டர் இளங்கோவன்.

"யாரைக் கேட்டு இத மாட்டுன?" என்று கத்தினேன்.

"யாரையும் கேக்கல" என்றான், வாயிலிருந்த பீடியை எடுக்காமலே. "விரல எண்ணிப் பாரு. அஞ்சு இருந்தா வேலையப் பாரு."

பிரஸ் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு கனத்த சக்கரம் மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு பெடல். தகட்டை அச்சில் கையால் வைத்து, கையை எடுத்துவிட்டு, பெடலை மிதித்தால் மேலே இருக்கிற இரும்புத் தலை இறங்கி, தகட்டை வெட்டிவிட்டு ஏறும். மணிக்கு எழுநூறு தடவை. எழுநூறு தடவை கை உள்ளே போகும், எழுநூறு தடவை வெளியே வரவேண்டும். ஐந்தாம் நம்பருக்கு மட்டும் ஒரு கெட்ட புத்தி உண்டு. சில நாள் மிதிக்காமலே இறங்கும்.

அந்தக் கம்பி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் அப்படித்தான் இறங்கியது. அதில் உட்காருகிற மஞ்சுநாத்தின் நாலு விரல் தகட்டோடு தகடாக வெட்டுப்பட்டுக் கீழே ட்ரேயில் விழுந்தது. அவன் கத்தக்கூட இல்லை. கையைத் தூக்கி, யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான். பிறகுதான் ரத்தம் பீச்சியது. என் முகத்தில் அடித்தது, சூடாக. நான் துண்டைச் சுற்றிக் கட்டினேன். துண்டு ஒரு நிமிஷத்தில் கனத்துப் போனது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது விரல் போனால் மறுநாள் காலையில் அந்த மெஷினுக்குப் பூசணிக்காய் உடைப்போம். குங்குமம் அப்பி, சூடம் ஏற்றி, மேஸ்திரி ராஜேந்திரன் தலைக்குமேல் தூக்கிப் போட்டு உடைப்பான். அதோடு மெஷினுக்குப் பசி அடங்கியது என்று அர்த்தம். அந்த வருஷம் அது நாலாவது பூசணி. ராஜேந்திரனுக்கே வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான். அதை அவன் மறைக்கமாட்டான். புதிதாகச் சேருகிறவனிடம் நீட்டிக் காட்டி, "எனக்குப் போச்சு, நான் இன்னா செத்தா பூட்டேன்? மேஸ்திரி ஆயிட்டேன்" என்பான்.

பூசணி உடைத்தபோது இளங்கோவன் வரவில்லை. அச்சைக் கழற்றி வைத்துக்கொண்டு கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எலும்பு பட்டு முனை மழுங்கிப் போச்சு. ஒவ்வொரு தபாவும் நானே தேய்க்கணுமா?" என்றான். அவ்வளவுதான் பேசினான். அவன் இரக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. யாரோடும் சேர்ந்து சாப்பிடமாட்டான். யார் வேலையைப் பார்த்தாலும் திட்டுவான்.

அன்றிலிருந்து மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில் காயலான் குவியலைக் கிளறினான். சைக்கிள் செயின், ஸ்கூட்டர் ஸ்பிரிங், பழைய ஜன்னல் கம்பி. முதலில் செய்தது பாதியில் சிக்கி நின்றது. இரண்டாவது வளைந்து, தெறித்து, அவன் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் வழிய வழிய அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தானே தவிர முகத்தைத் துடைக்கவில்லை. மூன்றாவதுதான் என்னை அடித்தது.

காயலான் இரும்புதானே, செலவில்லையே என்று முதலாளி கோவிந்தப்பா விட்டுவிட்டார். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பிரஸ்ஸிலும் கம்பி ஏறியது. ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். "இன்னா மச்சா, இன்னைக்கு மாமியார் எத்தனை குடுத்தா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டுக்கொள்வோம். எல்லோர் மணிக்கட்டும் கன்றிப்போய் இருந்தது. கை முழுக்க வெளியே வந்த பிறகுதான் மிதிக்க முடியும் என்பதால் எழுநூறு ஐந்நூற்றைம்பது ஆனது. எங்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. அதுவும் குறைந்தது.

மஞ்சுநாத்தின் இடத்தில் தினமும் உட்கார யாரும் ஒப்புக்கொள்ளவில்லை; அடி வாங்கிய அந்த ஒரு நாளோடு நானும் என் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். ராஜேந்திரன் என் பெண்சாதி யசோதாவை உட்கார வைத்தான். அவள் அதுவரை பாக்கிங்கில் இருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் வீட்டு வாடகை ஏறியிருந்தது, அவளும் சரியென்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம், அவள் விரல்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்த பிறகு தினமும் எண்ணினேன், சோறு போடும்போது. பத்து. மறுநாளும் பத்து.

"இன்னாய்யா கையவே பாக்கற?"

"ஒண்ணுமில்ல, குழம்பு ஊத்து."

அவள் நாலே நாளில் ஒரு வேலை செய்தாள். கிழிந்த சைக்கிள் ட்யூபைக் கொண்டுவந்து கம்பி மேல் சுற்றிக் கட்டிவிட்டாள். அடி விழுந்தது, ஆனால் எலும்பில் ஏறவில்லை. இளங்கோவன் வந்து பார்த்தான். "யார் கட்டுனது?" என்று உறுமினான். அவள் பயந்து எழுந்துவிட்டாள். அவன் ட்யூபை இழுத்துப் பார்த்தான், இரண்டு தரம் கம்பியை ஆட்டிப் பார்த்தான். மறுநாள் பன்னிரண்டு கம்பியிலும் ட்யூப் இருந்தது. ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் தீபிகா என்கிற பெண் வந்தாள். வெளிநாட்டுக்குக் கீல் அனுப்பவேண்டுமானால் ஏதோ சர்டிபிகேட் வேண்டுமாம். அதற்குத் தொழிலாளிகளின் அபிப்பிராயம் கேட்டு எழுதவேண்டுமாம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வேனில் வந்தாள். மரியாதையான பெண். கையில் ஒரு கட்டு ஃபாரம்.

"அண்ணா, பயப்படாம ஓப்பனா சொல்லுங்க. உங்க பேர் எங்கயும் வராது" என்றாள் என்னிடம். அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ராஜேந்திரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஃபாரத்தில் மூன்று முகம் போட்டிருந்தது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். படிக்கத் தெரியாதவர்களுக்காக அப்படி. அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில்தான்.

"புதுசா மாட்டியிருக்கிற தடுப்புக் கம்பி உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அழுகிற முகத்தின் மேல் கைநாட்டு வைத்தேன்.

"வேற என்ன மாற்றம் வேணும்?"

"ஃபேன் வேணும். சாயங்காலம் இன்னொரு டீ. கையுறை குடுத்தா நல்லது."

யசோதாவும் அழுகிற முகத்தில்தான் வைத்தாள். வேறு என்ன வேண்டும் என்றதற்கு, பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டாள். நாள் முழுக்கக் கதவுக் கீல் அடிக்கிற ஷெட்டில் அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. விரல் வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருக்கிற பொருளை யார் கேட்பார்கள்?

கடைசியில் தீபிகா இளங்கோவனிடம் போனாள். அவன் ஃபாரத்தை எண்ணெய்க் கையால் வாங்கி முழுக்கப் படித்தான்.

"எல்லாரும் கரெக்டாதான் சொல்லியிருக்காங்க. அடி வாங்க எவனுக்குப் பிடிக்கும்?"

"அப்ப யூசர்ஸுக்குப் பிடிக்காததை ஏன் சார் பண்ணீங்க?"

"இத செய்யறதுக்கு முந்தி நீ வந்து கேட்டிருந்தா, கையுறை வேணும்னு இருபத்தாறு பேரும் சொல்லியிருப்பாங்க. கையுறை போட்டாலும் விரல் விரல்தான், வெட்டு உளும். இப்படி ஒரு கம்பி இருக்கலாம்னு ஒருத்தன் மண்டையிலயும் இல்ல. மண்டையில இல்லாதத எப்படிம்மா ஃபாரத்துல எழுதுவான்? இத நான் செய்யலைன்னா கேக்கறதுக்கு உனக்குக் கேள்வியே இல்ல."

அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலை சார்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காகிதம் வந்துவிட்டது. இருபத்தாறு பேரில் இருபத்துநாலு பேருக்குக் கம்பி வேண்டாம். மற்ற இரண்டு பேர் லீவு. கோவிந்தப்பா ஆபீஸ் வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிட்டு, "ஏனப்பா, ஜனங்க இஷ்டம்தானே முக்கியம்? ராஜேந்திரா, எல்லாத்தையும் பிச்சிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பீஸ் குறைந்தது அவருக்கும் வலித்திருந்தது.

ஆட்கள் விசிலடித்தார்கள். பதினோரு கம்பி அரைமணி நேரத்தில் தரையில் கிடந்தது. மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்ப நேரமாகும் என்று எங்கள் ஷெட்டில் சக்கரத்தை ஓடவிட்டே எல்லா வேலையும் செய்வோம்.

ஐந்தாம் நம்பர் முன்னால் இளங்கோவன் நின்றான். கையில் பெரிய ஸ்பானர்.

"இத மட்டும் தொடாத ராஜேந்திரா. இது மிதிக்காம இறங்கற கழுதை. தலையப் பிடிச்சு நிறுத்தற சாவி ஸ்பிரிங் தேஞ்சு போச்சு, அத மாத்தறவரைக்கும் விடு."

"இருபத்துநாலு பேரு வேணாம்னு சொல்லிட்டாங்க. நீ யார்றா?"

"நான் செஞ்சவன்."

ராஜேந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "டேய் சுந்தரம், உன் பொண்டாட்டி மெஷின்தானே? நீயே கழட்டு. இல்ல, வீட்டுல மாமியார் இல்லைன்னு இங்க வச்சிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யசோதா ஸ்டூலைவிட்டு எழுந்து ஓரமாகப் போனாள். அவள் விரல் பத்தும் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் இன்னொரு ஸ்பானரை எடுத்தேன். அந்தச் சிரிப்பு அப்படிப்பட்டது.

நான் குனிந்ததும் இளங்கோவன் என் தோளில் உதைத்தான். நான் பின்னால் விழுந்தேன். ராஜேந்திரன் பாய்ந்தான். இளங்கோவனின் ஸ்பானர் அவன் வாயில் விழுந்து, பல் உடைகிற சத்தம் மோட்டார் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அதற்கப்புறம் கணக்கில்லை. நாலு பேர் சேர்ந்து இளங்கோவனைத் தரையில் போட்டு மிதித்தோம். நானும் மிதித்தேன். விலாவில் என் கால் பட்டபோது உள்ளே ஏதோ நெறிந்தது பாதத்தில் தெரிந்தது. அவன் மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. ரத்தத்தைத் துப்பி, "அடிங்கடா, இதுக்கு மட்டும் வெளிநாட்டு சர்டிபிகேட் குடுப்பான்" என்றான். அதற்காக இன்னும் இரண்டு வாங்கினான்.

"தூக்குங்கடா இவன" என்றான் ராஜேந்திரன். அவன் வாயிலிருந்து ரத்தம் நூலாக வழிந்தது. "இவன் மெஷின்லயே இவன் கைய வச்சிக் கேப்போம்."

அவன் முதலில் பெடலை ஒரு மிதி மிதித்தான், சும்மா பயம் காட்ட. தலை இறங்கி, காலி அச்சில் மோதி ஏறியது. தரை அதிர்ந்தது. பிறகு காலைப் பெடலைவிட்டு நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன், அவன் மேல் பொய் சொல்லக்கூடாது. நான் இளங்கோவனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து அச்சின் மேல் அழுத்தினேன். என் விரல்களும் உள்ளேதான் இருந்தன. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"சொல்றா. எல்லார் முன்னாடியும், என் கையால கழட்டறேன்னு சொல்லு. சொன்னா விட்டுடறேன்."

"சுந்தரம், கைய எடு" என்றான் இளங்கோவன். ராஜேந்திரனிடம் பேசவே இல்லை. "மோட்டார் ஓடுது. உன் கைய எடுடா முட்டாள்."

"பயந்துட்டான்டா!"

மேலே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

யாரும் மிதிக்கவில்லை. தலை இறங்கியது. இடது பக்கத்திலிருந்து கம்பி வந்ததை நான் பார்க்கவில்லை, வாங்கினேன். என் இரண்டு கையும் அவன் ஒரு கையும் சேர்ந்து வலது பக்கம் தூக்கி எறியப்பட்டன. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதே நொடியில் காலி அச்சில் இரும்பு மோதி, ஷெட் முழுக்க அதிர்ந்தது. தலை ஏறியது. மறுபடி 'டக்'. மறுபடி இறங்கியது. கம்பி மறுபடி வந்து, அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தைப் பெருக்கிக்கொண்டு போனது.

ராஜேந்திரன் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தான். சக்கரம் நிற்க வெகுநேரம் ஆனது.

நான் தரையில் உட்கார்ந்து விரல்களை எண்ணினேன். இரண்டு தரம் தப்பாக வந்தது. யசோதா வந்து என் எதிரே குந்தி, ஒவ்வொன்றாகத் தொட்டு அவளே எண்ணினாள். பத்து. எண்ணி முடித்ததும் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இன்னொன்றும் விட்டாள். "அந்த ஆளுக்கு எண்ணுனியா நீ?" என்றாள்.

இளங்கோவனுக்கு மணிக்கட்டு முறிந்து கை கோணலாகத் தொங்கியது. விரல் ஐந்தும் இருந்தன. அவன் கையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ரத்தம் ஒழுகுகிற மூக்கோடு, அந்தக் கம்பியையே பார்த்தான்.

"லேட்டா வருது" என்றான். "அரை இஞ்ச் லேட்டு. முதல்லயே வந்திருந்தா இவ்ளோ வேகமா அடிச்சிருக்காது, எலும்பு முறிஞ்சிருக்காது. கைய வச்சி நான் பாக்கவே இல்ல இத்தனை நாளு. கட்டையைத்தான் வச்சிப் பாத்தேன். கட்டைக்கு எலும்பு ஏது."

"யோவ், ஆஸ்பத்திரிக்கு வாய்யா" என்றாள் யசோதா.

சத்தம் நின்றதைக் கேட்டு கோவிந்தப்பா ஓடிவந்தார். ரத்தத்தைப் பார்த்து முதலில் பின்வாங்கினார். யாரும் எதுவும் மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பு யாருக்கும் இல்லை. ராஜேந்திரன் இடுப்புத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, கால் பெடலில் இல்லை சார், கால் பெடலில் இல்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கோவிந்தப்பா கையில் இன்னும் அந்தக் காகிதம் இருந்தது. அதைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

"நானு ஏனு மாடலி?" என்றார், நான் என்ன செய்யட்டும் என்று கன்னடத்தில், எங்களிடம் இல்லை, காகிதத்திடம். பிறகு யசோதா பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. இது உன் மெஷின். இந்தக் கம்பி உனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிக்கல சார்."

"ஆமா, இதுல அப்படித்தான் இருக்கு."

"பிடிக்கவே இல்ல. தெனம் அடிக்குது. கை வீங்குது, பீஸ் கொறையுது. நாளைக்கு வந்து கேட்டாலும் அழுவுற மூஞ்சிலதான் வைப்பேன்." அவள் எழுந்து போய் ஸ்டூலை இழுத்து ஐந்தாம் நம்பர் முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தாள். "ஆனா எவனாவது கழட்ட வந்தா மண்டைய உடைப்பேன். மேஸ்திரியானாலும் சரி, எம் புருஷன் ஆனாலும் சரி."

"பிடிக்காததை எதுக்கம்மா?"

அவள் பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டோ பிடிக்க ஒருவன் ஓடினான். இளங்கோவன் முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் தரையிலிருந்த ஸ்பானரை எடுக்கப் பார்த்தான். விலா வலியில் குனிய முடியவில்லை. ஸ்பானரைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"ஆட்டோ வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்க. அந்த மேல் நட்ட தளர்த்து. அரை இஞ்ச் உள்ளே தள்ளு. கைய வைக்காத, முட்டாள், சக்கரம் முழுசா நின்னுதா பாத்தியா?"

பார்த்தேன். நின்றிருந்தது. நட்டைத் தளர்த்தினேன். ஸ்பானர் இரண்டு தரம் வழுக்கியது, ஒவ்வொரு தரமும் அவன் என் அப்பனையும் அம்மாவையும் இழுத்தான். தள்ளி வைத்து இறுக்கினேன். ராஜேந்திரன், வாயில் துணியோடு, கீழே கிடந்த பதினோரு கம்பியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவந்து என் பக்கத்தில் அடுக்கினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"அதுக்கும் அரை இஞ்ச்" என்றான் இளங்கோவன். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை. "இன்னும் இறுக்கு" என்றான்.